பழைய விதிகளும் பழைய கொப்பிகளும்

வன்னியின் ஆட்டமும் அரங்கும் – பகுதி 9

தாயம், நாயும் புலியும் போன்று நிலத்திலோ பலகையிலோ கோடு கீறி ஆடப்படும் ஆட்டங்கள் வன்னிக் கிராமங்களில் பெற்றிருந்த இடத்தைச் சென்ற பகுதி எடுத்துரைத்தது. இரணைமடுக் குளத்துக்கான முதல் திட்டத்தை 1885 அளவில் வகுத்தவராக அறியப்படும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த ‘பண்டைய இலங்கை’ என்னும் தம் ஆங்கில நூலில் குளங்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்ததோடு நில்லாது, கிராமத்தவர் ஆடிய பலகை ஆட்டங்களுக்கும் இடம் ஒதுக்கினார் என்பதும் அங்கே குறிக்கப்பட்டது. அவ்வாட்டங்கள் அனைத்துக்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு. காய் நகர்த்துபவர் காயாக மாறுவதில்லை. புலியை நகர்த்துபவர் புலியின் குரலில் பேச வேண்டியதும் இல்லை. அந்த எல்லையைக் கடந்து, ஆடுபவரே இன்னொருவராகிப் பேசியும் முடிவெடுத்தும் ஆடும் ஆட்டங்களை இப்பகுதி எடுத்துக்கொள்கிறது.

இவ்வகையில் ஒப்பிடத்தக்க மரபுகள் இரண்டு. ஒன்று, 1970களில் அமெரிக்காவில் உருவாகி இன்று உலகின் பல நாடுகளில் ஆர்வலர் கூட்டங்களைக் கொண்டுள்ள, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் மாயக்கதைப் பாத்திர விளையாட்டு. மற்றது, வன்னியின் அம்மன் கோயில் முன்றல்களில் விடிய விடிய ஆடப்பட்டுவரும் கூத்து. இவற்றுக்கிடையே வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை; அப்படி ஒன்றைத் தேடிப் பிடிக்க முயல்வது வீண்வேலை. ஆயினும் இரண்டிலும், திருத்தமாகவும் சுருக்கமாகவும் புதிதாக ஆக்கப்பட்ட வடிவங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கையில், ஆர்வலர்கள் பழைய, குறைபாடுள்ள, நீண்ட வடிவங்களையே நாடிச் செல்லும் போக்குக் காணப்படுகிறது. அப்போக்கின் காரணத்தை முன்னையதில் ஆராய்வது எளிது, ஏனெனில் அதன் ஆர்வலர்கள் தம் விருப்பத்துக்கான காரணங்களை ஏராளமாக எழுதிவைத்துள்ளனர். வன்னிக் கூத்தின் ஆர்வலரோ பெரும்பாலும் ஆடியவர்களும் பார்த்தவர்களுமே அன்றி எழுதியவர்கள் அல்லர்.

மேசைப் பாத்திர விளையாட்டு போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. சிறு பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி, அளவுகோலையும் பகடையையும் கொண்டு பழைய சமர்களை மீண்டும் நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கு 1960களில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் வேரூன்றியிருந்தது. மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி 1969இல் நடத்திய ஓர் ஆட்டத்தில், படையொன்றை நடத்துவதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஒரு தனிமனிதரின் பாத்திரத்தை ஏற்றனர். அந்தக் குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் அதே முறையை 1971 அளவில் ‘பிளாக்மூர்’ என்னும் கற்பனை நாட்டுக்குக் கொண்டுசென்று, கோட்டைக்கு அடியிலுள்ள நிலவறைகளுக்குள் வீரர்கள் மீண்டும் மீண்டும் இறங்கிச் செல்லும் தொடர்கதையாக வளர்த்தார். அதே ஆண்டில், விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகக்ஸ், ஜெஃப் பெரனுடன் இணைந்து ‘செயின்மெயில்’ என்னும் படைவிதி நூலை வெளியிட்டார். அதன் பிற்சேர்க்கையில் மந்திரவாதிகளும் ட்ராகன்களும் தலைகாட்டினர். ஆர்னசனின் நடைமுறையும் கைகக்ஸின் எழுத்தும் சேர்ந்தபோது, 1974 ஜனவரியில் ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ வெளிவந்தது.

முதற் பதிப்பு 1,000 பெட்டிகளே. ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று சிறு கைநூல்கள் இருந்தன. விலை 10 டொலர். ஆட்டத்தின் இயக்கம் பின்வருமாறு அமைந்தது. ஒருவர் நடுவராக இருந்து நிலவறையின் வரைபடத்தை மறைத்துவைத்துக்கொண்டு, ஆடுபவர் எதைக் காண்கின்றனர், எதைக் கேட்கின்றனர் என்பதைச் சொல்லுவார். ஏனையோர் போராளி, மந்திரவாதி, சமயகுரு என்பனவற்றுள் ஒரு வகையைத் தேர்ந்து, தாம் என்ன செய்யப்போகிறோம் என்பதை வாய்மொழியாக அறிவிப்பர். வெற்றி தோல்வி ஐயத்துக்குரியதாக இருக்கும் இடங்களில் பகடை உருட்டப்படும். ஆறு முகப் பகடையோடு நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட பகடைகளும் பயன்பட்டன. ஒருவர் எவ்வளவு அடி தாங்குவார் என்பதைக் குறிக்கும் எண்ணை ‘உயிர்ப்புள்ளி’ எனத் தமிழில் சொல்லலாம். அது பூச்சியமாகும்போது பாத்திரம் இறந்துவிடும். ஆட்டத்துக்கு முடிவெல்லை கிடையாது, வென்றவர் தோற்றவர் என்ற கணக்கும் கிடையாது. கைநூல்களோ தெளிவற்றவை, பல இடங்களில் வாசகர் கையில் ‘செயின்மெயில்’ இருக்கும் என்று எடுத்துக்கொண்டே அவை எழுதப்பட்டிருந்தன. வாங்கியோர் தமக்கு விளங்காதவற்றைத் தாமே இட்டு நிரப்பினர். ஊருக்கு ஊர் ஆட்டம் வேறுபட்டது.

இந்த வேறுபாட்டை ஒழுங்குபடுத்த முனைந்த கைகக்ஸ் 1977 முதல் 1979 வரை மூன்று தடித்த நூல்களில் விரிவான விதிகளை வெளியிட்டார். புதியவர்களுக்கான எளிய பெட்டிகள் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் வந்தன. 1980களில் இவ்விளையாட்டு பேய் வழிபாட்டுக்கு இட்டுச்செல்கிறது என்று அமெரிக்கக் கிறிஸ்தவர் சிலர் எதிர்ப்பியக்கம் நடத்தியபோதும் விற்பனை குறையவில்லை. கூடியது என்றே கொள்ளலாம். இவ்விளையாட்டை வெளியிட்டுவந்த நிறுவனம் 1997இல் கைமாறியது. 2000ஆம் ஆண்டு புதிய உரிமையாளர் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு, ஏறக்குறைய எல்லாச் செயலுக்கும் ஒரே வகைப் பகடைக் கணக்கை வகுத்து, முன்னைய பதிப்புகளின் முரண்களை நீக்கியது. நியாயமாகப் பார்த்தால் அதுவே சிறந்த பதிப்பு. பழைய ஆர்வலரில் ஒரு பகுதியினர் விலகிச் சென்றதும் அதனால்தான்.

அவர்கள் கையாண்ட வழி சட்ட நுணுக்கம் கொண்டது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு விளையாட்டின் விதிகளை எழுதிய சொற்களைக் காக்கிறதே அன்றி, ஆடும் முறையைக் காப்பதில்லை; அத்துடன் 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனமே தன் விதிகளின் ஒரு பகுதியைப் பிறர் பயன்படுத்தத் திறந்த உரிமம் வழங்கியிருந்தது. இவ்விரண்டையும் கொண்டு, கிடைக்காமற் போன பழைய விதிகளை ஆர்வலர்கள் தம் சொற்களில் புதிதாக எழுதி வெளியிட்டனர். 2006இல் ‘ஒஸ்ரிக்’, 2007இல் ‘லபிரிந்த் லோர்ட்’, 2008இல் ‘சோர்ட்ஸ் அன்ட் விசார்ட்றி’ எனத் தொடர்ந்த இம்முயற்சி பழைய பாணி மறுமலர்ச்சி என்று பெயர் பெற்றது. கைகக்ஸ் 2008 மார்ச்சில் காலமானபின், மறு ஆண்டிலிருந்து லேக் ஜெனீவாவில் அவர் பெயரால் ஆண்டுக் கூட்டம் நடைபெற்று வருகிறது. இறுதியில் உரிமை நிறுவனமே 2013 அளவில் பழைய நூல்களை மறுபதிப்பாகவும் எண்ணிமக் கோப்பாகவும் விற்கத் தொடங்கியது. 2023 ஜனவரியில் அத்திறந்த உரிமத்தை மாற்ற அது முயன்றபோது எழுந்த எதிர்ப்பின் வேகத்தில், ஒரே மாதத்துக்குள் அம்முயற்சி கைவிடப்பட்டு, அடிப்படை விதித்தொகுப்பு பொதுப்பயன்பாட்டு உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது.

இளமைக்கால நினைவே இவ்வார்வத்துக்குக் காரணம் என்று ஒதுக்கிவிடுவது போதாது, ஏனெனில் 1974க்குப் பின் பிறந்தவர்களும் அக்கூட்டங்களில் நிறைய உள்ளனர். அம்மறுமலர்ச்சியைச் சேர்ந்த மாத்யூ ஃபின்ச் 2008இல் எழுதிய சிறு வழிகாட்டி உண்மையான காரணத்தைத் தொட்டுக்காட்டியது. நிலவறைத் தாழ்வாரமொன்றில் பொறிக்குழி இருக்கலாம் என்று ஐயுறும் சூழலில், புதிய விதிகளின்படி ஆடுபவர் தம் பாத்திரத்தின் கண்டறியும் திறனுக்குரிய எண்ணைப் பார்த்துப் பகடையை உருட்டுவார், விடை கிடைத்துவிடும். பழைய விதிகளில் அப்படியொரு திறன் எண் பெரும்பாலும் இல்லாமையால், ஆடுபவர் பத்தடிக் கழியால் தரையைத் தட்டிப் பார்ப்பதாகவோ, நீரை ஊற்றி அது எங்கே வடிகிறதென்று பார்ப்பதாகவோ சொல்லவேண்டும். அது பயன் தருமா என்பதை நடுவர் அந்தக் கணத்தில் தீர்மானிக்க வேண்டும். விதி எழுதப்படாத இடத்தில் மனிதருக்கு வேலை பிறக்கிறது. பழைய நூல்களின் இந்த வெற்றிடங்களையே ஆர்வலர் நேசித்தனர், அவற்றின் அழகற்ற அச்சையோ குழப்பமான உரைநடையையோ அல்ல.

இலங்கை வாசகருக்கு இவ்விளையாட்டின் உள்ளடக்கத்தில் இடைக்கிடை அறிமுகமான முகங்கள் எதிர்ப்படும். 1975ஆம் ஆண்டு முதல் அதில் இடம்பெறும் ‘ராட்சசர்’ என்ற பகைவருக்குப் புலித்தலை வழங்கப்பட்டுள்ளது. அவ்வுருவுக்குத் தூண்டுதலாக இருந்தது வால்மீகியோ கம்பரோ அல்லர், 1974இல் ஒளிபரப்பான ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயம். நிலவறைப் புதையலைக் காக்கும் நாகங்களும் உண்டு. 1980இல் வெளிவந்த தெய்வங்களுக்கான தனி நூலில் விஷ்ணு, காளி, கார்த்திகேயர் ஆகியோருக்கும் உயிர்ப்புள்ளி கணக்கிடப்பட்டுள்ளது. முருகனை வெட்டிச் சாய்க்க எத்தனை அடி வேண்டும் என்ற கணக்கைக் கோயில் வீதியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இராவணனை ஆளுமையுள்ள நாயகனாகக் கூத்தரங்கில் கண்டு பழகிய ஒரு சமூகத்துக்கு, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு கதையை விட்டுவிட்ட இவ்வகைக் கடன் வெறுமையாகவே படும்.

வன்னியின் பக்கம் திரும்பினால், வேடமேற்று ஆடும் மரபுக்கு அங்கு இரு பெருங்கதைகள் அடித்தளமாக உள்ளன: காத்தவராயன் கதையும் கோவலன் கண்ணகி கதையும். இரண்டும் அம்மன் வழிபாட்டோடு பிரிக்கமுடியாதவாறு பிணைந்தவை. முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடலோரம் அமைந்த வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் தலவரலாறு, மதுரையை எரித்த கண்ணகி மூதாட்டி வடிவில் அவ்விடம் வந்து, மாடு மேய்த்த சிறுவர்களிடம் பொங்கல் கேட்டதாகவும், விளக்கேற்ற எண்ணெய் இல்லாதபோது கடல்நீரை ஊற்றி எரிக்கச் சொன்னதாகவும், தலையில் பேன் பார்த்த சிறுவர்கள் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டதாகவும் கூறுகிறது. வைகாசிப் பொங்கலுக்காகக் கடலிலிருந்து எடுத்துவரப்படும் நீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரித்து, பின் வற்றாப்பளைக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் இன்றும் நடைபெறுகிறது. கண்ணகி வந்த இடமென்று நம்பப்படும் மண்ணிலேயே அவள் கதை ஆடப்படுகிறது என்பது முல்லைத்தீவுக் கோவலன் கூத்தின் தனித்தன்மை. அதன் ஆட்டமும் பாட்டும் வடமோடி, தென்மோடி ஆகியவற்றிலிருந்து வேறுபட்டிருப்பதால் அதனை ‘முல்லை மோடி’ எனத் தனித்துச் சுட்டும் வழக்கமும் உண்டு. மோடி என்பது இங்கே ஆடல், பாடல், உடை ஆகியவற்றின் பாணியைக் குறிக்கும்.

காத்தவராயன் கூத்து, ஊர்வழக்கில் காத்தான் கூத்து, இதனினும் பரவலானது. முத்துமாரியின் மகனாக வரும் காத்தான் ஆரியப்பூமாலை மீது கொண்ட காதலும், தாய் அதற்கு இடும் தடைகளும், பல வேடங்கள் தாங்கி அவன் செய்யும் சூழ்ச்சிகளும், ஈற்றில் கழுமரம் ஏறுதலும் இதன் பொருள். சிந்து என்னும் இசைவடிவத்துக்கேற்பக் கால்களை முன்னும் பின்னும் எடுத்துவைக்கும் எளிய நடையே இதன் ஆட்டம் என்பதால் சிந்துநடைக் கூத்து என்றும் வழங்கப்படும். வடமோடிக் கூத்துக்குரிய கடினமான தாளக்கட்டுகள் இதற்கு வேண்டியதில்லை. அதனால் வயலில் வேலை செய்பவரும் பாடசாலை மாணவரும் சில மாதப் பழக்கத்தோடு மேடையேற முடிகிறது. காத்தானைச் சிறுவனாகவும் இளைஞனாகவும் கழுவேறுபவனாகவும் வெவ்வேறு நடிகர்கள் அடுத்தடுத்து ஏற்பது வழக்கம். ஒரே பாத்திரத்தைப் பலர் பங்கிடுவதால் ஓர் ஊரின் பல குடும்பங்களுக்கு அதில் உரிமை கிடைக்கிறது. நோய் தீரவும் பிள்ளை பிறக்கவும் நேர்த்தி வைத்து, அது நிறைவேறியபின் கூத்தாடுவோரும், பாத்திரத்தை ஏற்பதையே நேர்த்தியாக வைப்போரும் உளர்.

கூத்துப் பழக்கம் நெல்லின் நாட்காட்டியோடு இசைந்தது. குளத்தை நம்பிய வன்னிக் கமக்காரருக்குக் காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனி மாதங்களிலேயே கையில் நெல்லும் இரவில் ஓய்வும் கிடைக்கும். அம்மன் கோயில்களின் பங்குனித் திங்களும் வைகாசிப் பொங்கலும் அதைத் தொடர்ந்து வருவன. அண்ணாவியார் என்னும் ஆசிரியர் ஆளுக்கேற்ற வேடத்தைத் தெரிந்து, ஒவ்வொருவருக்குமுரிய பாட்டைத் தம் கொப்பியிலிருந்து எழுதிக் கொடுப்பார். கொப்பி என்பது கையெழுத்துப் பிரதி, முன்னாளில் ஏடு. அதில் பாட்டு இருக்கும், மெட்டு இராது. பாத்திரத்தின் வரவு இருக்கும், எவ்வளவு நேரம் ஆடவேண்டும் என்பது இராது. பகிடிக்காரரான டாப்பர் மாமாவின் பெயர் இருக்கும், அன்றிரவு அவர் சபையில் யாரைச் சீண்டிப் பேசுவார் என்பது எவர் கொப்பியிலும் இராது. முன்னே சொன்ன 1974ஆம் ஆண்டுக் கைநூல்களைப் போலவே கொப்பியும் தானாக நின்று எதையும் நடத்துவதில்லை.

இவ்வொப்புமையை அளவுக்கு மீறி இழுத்தல் ஆகாது. மேசை விளையாட்டில் முடிவு யாருக்கும் தெரியாது. காத்தான் கழுவேறுவான் என்பதும், கோவலன் மதுரையில் வெட்டுப்படுவான் என்பதும் பாயை விரித்து முன்வரிசையில் படுத்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும். மேசை விளையாட்டில் வேடமேற்போரே சபையும் ஆவர்; கூத்தில் சபை வேறு, ஆனால் செயலற்ற சபை அன்று. பாட்டுகளை மனப்பாடமாக அறிந்த முதியோர் நடிகர் தடுமாறும்போது அடியெடுத்துக் கொடுப்பதும், அண்ணாவியார் விட்டுவிட்ட ஒரு பாட்டைக் கூத்து முடிந்தபின் கணக்குக் கேட்பதும் கூத்துக் களரிகளில் வழமை. நள்ளிரவுக்குப்பின் கச்சானும் தேநீரும் விற்கும் கடைகள் களைகட்டுவதையும் சேர்த்தே வன்னியார் கூத்து என்று கருதுகின்றனர். இவ்வளவும் சேர்ந்த ஒன்றை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கினால் எது எஞ்சும் என்பது நியாயமான கேள்வி.

அந்தச் சுருக்கம் நிகழாமலும் இல்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ எனக் கூத்துகளை நகரச் சபைக்கேற்ற நேர அளவில் நெறிப்படுத்தி மேடையேற்றினார். கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கு என ஒதுக்கியிருந்த படித்த வகுப்பினர் அதனை ஏற்றுக்கொண்டதற்கு அம்முயற்சியே காரணம். அதன் பெறுமதியை எவரும் மறுக்கமுடியாது. பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிகளில் இன்று காணப்படும் குறுங்கூத்துகள் அதன் வழிவந்தவை. ஆனால் வன்னிக் கிராமங்களின் கூத்துப் பிரியர் அக்குறுகிய வடிவத்தைப் பாராட்டினரே தவிர, முழு இரவுக் கூத்தை அதற்காக விட்டுக்கொடுக்கவில்லை. நேர்த்திக் கடனைச் சுருக்கித் தீர்க்க முடியாது என்பது அவர்கள் கூறும் காரணம். தம் பங்கு குறைந்துபோகும் என்பது அதற்குள் அடங்கிய காரணம்.

வன்னியின் சொந்தக் கதைகளும் இதே களத்தில் இடம் தேடின. பணிக்கர் எனப்பட்ட யானை பிடிப்போர் குடியைச் சேர்ந்த அரியாத்தை யானையை அடக்கிய கதை பாட்டாக வழங்கிப் பின்னர் மேடை கண்டது. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி, அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் ட்றிபேர்க்கின் படையிடம் தோற்ற பண்டார வன்னியனின் வரலாறு முல்லைமணியின் நாடகத்தால் பரவலான புகழ் பெற்றது. அது தனிப் பகுதியாக எழுதத்தக்க பொருள்.

இழப்பின் தன்மையிலேயே இரு மரபுகளும் முற்றாகப் பிரிகின்றன. அமெரிக்க ஆர்வலருக்குப் பழைய பதிப்புகள் கிடைக்காமற் போனது சந்தைக் காரணத்தால். நூல்கள் எங்கேனும் ஓர் அலுமாரியில் இருந்தன, விலை கொடுத்தோ திரும்ப எழுதியோ மீட்கமுடிந்தது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்தபோதும், 2009இல் வன்னி மக்கள் பெருந்தொகையாக நந்திக்கடலை நோக்கித் தள்ளப்பட்டு, பின் வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டபோதும், மக்கள் எடுத்துச்செல்லக்கூடியது எவ்வளவு என்பது தெரிந்ததே. கொப்பியும் உடுப்பும் மிருதங்கமும் அதில் முதலிடம் பெறவில்லை. அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை மீள்குடியேற்றம் கட்டம் கட்டமாக நடந்தது. ஊர் திரும்பியோர் கூத்தை மீண்டும் தொடங்கியபோது கொப்பிக்கு மாற்றாக நின்றது மனிதரின் ஞாபகம்; ஒருவருக்குத் தெரிந்த வரவுப்பாட்டும் இன்னொருவருக்குத் தெரிந்த தர்க்கமும் ஒட்டவைக்கப்பட்டன. அமெரிக்க ஆர்வலர் விருப்பத்தால் செய்த மீளெழுத்தை வன்னி ஆர்வலர் வேறு வழியின்றிச் செய்தனர்; அவர்களுக்குச் சட்டத் தடை இருக்கவில்லை, மூலப்பிரதியும் இருக்கவில்லை.

2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழரின் அச்சு நூல்களோடு கூத்துப் பனுவல்களும் சேர்ந்துவருகின்றன. அது தேவையான பணி, ஆயினும் பனுவலை மட்டும் காத்தால் காக்கப்படுவது கொப்பியில் உள்ள பாதியே. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பழைய கூத்துக் கொப்பியை வீட்டில் வைத்திருப்போர் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, ஒரு பிரதியைத் தம் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடமோ நூலக நிறுவனத்திடமோ ஒப்படைக்க வேண்டும். அத்தோடு, அக்கொப்பியைப் பாடத்தெரிந்த அண்ணாவியார் ஊரில் இருப்பாரானால், தாளம் போடுபவரையும் பிற்பாட்டுக்காரரையும் உடன் அமர்த்தி, முதல் வரவிலிருந்து மங்களம் வரை இடைநிறுத்தாது ஒலிப்பதிவு செய்யவேண்டும். அதற்குரிய கருவி இப்போது ஏறக்குறைய எல்லார் சட்டைப்பையிலும் உள்ளது, அண்ணாவிமாரோ முதியவர்கள்.

(தொடரும்)